கேளுங்கள், சொல்கிறேன்: இரண்டு அலுமினியக் கால்களும் ஒரு கை பிரேக்கும்

(இரண்டு கால்களையும் இழந்த பிறகு இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானம் ஓட்டிய டக்ளஸ் பேடர் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கக் கட்டுரை வந்தது. அதையொட்டி நிறையக் கடிதங்கள். மும்பையில் செயற்கைக் கால் பட்டறைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நம் பகுதியாளர் இந்த முறை அவற்றுக்கு மட்டுமே பதில் சொல்கிறார். – ஆசிரியர் குழு)

இரண்டு காலும் இல்லாதவர் விமானத்தின் பெடலை எப்படி மிதித்தார்? கட்டுரையில் அதைச் சொல்லவே இல்லையே?
– ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், செம்பூர்

நல்லாக் கேட்டீர்கள் ஐயா. மனவலிமையால் வானத்தை வென்றார் என்று கட்டுரையை முடித்துவிட்டார்கள். மனவலிமை பெடலை மிதிக்காது. அதற்கு ஏதாவது ஒரு கால் வேண்டும்.

பேடருக்குக் கால் போனது போரில் அல்ல. 1931 டிசம்பர் 14 அன்று, ரெடிங் ஊருக்குப் பக்கத்தில் உட்லி விமானத் திடலில், தரையை ஒட்டிப் பறந்தபடியே விமானத்தை உருட்டிக் காட்டப் போனார். பிரிஸ்டல் புல்டாக் என்ற இரட்டை இறக்கை விமானம். இடது இறக்கையின் நுனி தரையில் தட்டியது, அவ்வளவுதான். அப்போது வயது 21. லியோனார்ட் ஜாய்ஸ் என்ற சர்ஜன் உயிரைக் காப்பாற்றினார். வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார், அப்புறம் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது.

இந்த மேலே, கீழே வித்தியாசத்தில்தான் எல்லாமே இருக்கிறது. முழங்காலுக்கு மேலே எடுத்தால் ஏகே, கீழே எடுத்தால் பிகே என்போம் பட்டறையில் நாங்கள். பிகே ஆளுக்குச் சொந்த முழங்கால் மிச்சம் இருக்கும். மடக்கலாம், நீட்டலாம், படியேறும்போது உடம்பைத் தூக்கலாம். ஏகே ஆளுக்கு முழங்காலும் நாங்கள் செய்து கொடுப்பதுதான். இடுப்பிலிருந்து காலை வீசி நடக்க வேண்டும், மூட்டு நேரம் தவறி மடங்கினால் ஆள் கீழே. பேடருக்கு ஒரு பக்கம் இது, மறுபக்கம் அது. அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கைத்தடி இல்லாமல் நடப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார், நடந்தும் காட்டினார்.

கால் செய்து கொடுத்தவர்கள் டெசூட்டர் சகோதரர்களின் கம்பெனி. எங்கள் தொழில் சரித்திரம் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டுகிறேன். மார்செல் டெசூட்டரும் விமானிதான். 1913இல் விபத்தில் ஒரு கால் போனது. கொடுத்த மரக்கால் ஒரே கனம். அவருடைய சகோதரர் சார்லஸ் எஞ்சினியர். விமானம் கட்டப் பயன்படும் டூராலுமின் என்ற அலுமினியக் கலவையில் ஒரு கால் வடித்துக் கொடுத்தார். மார்செல் அதை மாட்டிக்கொண்டு திரும்பவும் பறந்தார். பிறகு அதையே தொழிலாக்கி, போரில் கால் இழந்தவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்தார்கள். லண்டன் ரோஹாம்ப்டனில் இருந்த செயற்கைக் கால் மருத்துவமனையில் பேடர் போய் நின்றபோது, விமானி ஒருவனுக்குக் கால் என்றால் என்னவென்று அனுபவித்துத் தெரிந்த குடும்பம் அங்கே இருந்தது.

இப்போது பெடலுக்கு வருவோம். விமானத்தில் காலுக்கு முக்கிய வேலை ரடர், அதாவது வாலில் உள்ள சுக்கானைத் திருப்புவது. வலது பெடலைத் தள்ளினால் இடது பெடல் பின்னால் வரும். இதற்குக் கணுக்கால் அசைய வேண்டியதில்லை. தொடையிலிருந்தோ இடுப்பிலிருந்தோ தள்ளினால் போதும். பேடரால் அது முடிந்தது. சிக்கல் பிரேக்கில். பெடலின் மேல்முனையைப் பாதத்தால் சாய்த்து அழுத்தும் பிரேக் என்றால் அலுமினியக் காலால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் பேடர் போரில் ஓட்டிய ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானங்கள் இரண்டிலும் பிரேக் கையில் இருந்தது. விமானி கையில் பிடித்து ஓட்டும் கம்பான ஸ்டிக்கின் பிடியில் சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு நெம்புகோல். அதை அழுத்திக்கொண்டு ரடரை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கத்துச் சக்கரம் காற்றழுத்தத்தில் இறுகும். 1939இல் போர் தொடங்கி, பேடர் மறுபடி விமானப்படையின் கதவைத் தட்டியபோது அவருக்குச் சோதனை வைத்தார்கள். கொடுத்த விமானம் அமெரிக்க ஹார்வர்ட். அதில் பிரேக் காலில்! சோதனை அதிகாரி ரூபர்ட் லீ, கிரான்வெல் விமானப்படைக் கல்லூரி நாளிலிருந்தே பேடருக்குத் தெரிந்தவர். பிரேக்கை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஓட்டப்போகும் சண்டை விமானங்களில் இந்தத் தொல்லை கிடையாது என்று சொல்லிவிட்டார். கால் பிரேக்தான் வேண்டும் என்று பிரிட்டிஷ் வடிவமைப்பாளர்களும் நினைத்திருந்தால், நீங்கள் அந்தக் கட்டுரையைப் படித்திருக்கவே மாட்டீர்கள்.

எதிரி நாட்டில் மாட்டிக்கொண்டவருக்கு விமானத்திலிருந்து கால் போட்டார்கள் என்பது நிஜமா, சினிமாக் கதையா?
– வாசகி, முலுண்ட்

நிஜம்தான் அம்மா. 1941 ஆகஸ்ட் 9 அன்று பிரான்சுக்கு மேலே அவருடைய ஸ்பிட்ஃபயரின் வால் போய்விட்டது. எதிரி விமானம் மோதியதா, எதிரி சுட்டானா, கூட வந்தவரே ஆள் மாறிச் சுட்டாரா என்று சரித்திரம் எழுதுகிறவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். வெளியே குதிக்கப் பார்த்தால், வலது செயற்கைக் கால் காக்பிட்டில் சிக்கிக்கொண்டது. விமானம் செங்குத்தாக விழுகிறது, பாதி உடம்பு வெளியே, கால் உள்ளே. கடைசியில் பட்டை அறுந்தது. கால் விமானத்தோடு போயிற்று, ஆள் பாராசூட்டில் இறங்கினார். ஸ்ட்ராப் அறுந்தால் எங்களுக்குத் திட்டுதான் விழும். ஸ்ட்ராப் அறுந்ததற்கு நன்றி சொல்ல வேண்டிய ஒரே கேஸ் எனக்குத் தெரிந்து இது.

செயிண்ட் ஓமர் ஊர் ஆஸ்பத்திரியில் ஜெர்மானியர்கள் அவரைச் சேர்த்தார்கள். நொறுங்கிய விமானத்தில் தேடி அந்தக் காலை எடுத்து, தட்டிச் சீர்படுத்தியும் கொடுத்தார்கள். அடால்ஃப் காலண்ட் என்ற ஜெர்மன் விமானி அவரைத் தன் தளத்துக்கு அழைத்து உபசரித்து, மெஸ்ஸர்ஷ்மிட் விமானத்தின் இருக்கையில் உட்காரவும் விட்டார். ஒரு நல்ல கால் அனுப்புங்கள், வருகிற விமானத்தைச் சுட மாட்டோம் என்று லண்டனுக்குத் தகவலும் போனது. பிரிட்டிஷார் அந்தச் சலுகையை ஏற்கவில்லை. ஆகஸ்ட் 19 அன்று குண்டு வீசக் கிளம்பிய கூட்டத்திலிருந்து, போகிற போக்கில், ஒரு பெட்டியில் கால் வைத்துப் பாராசூட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? சீர்படுத்திக் கொடுத்த காலை மாட்டிக்கொண்டு, படுக்கை விரிப்புகளை முடிச்சுப் போட்டு ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக இறங்கித் தப்பினார். பிடித்துவிட்டார்கள். அப்புறமும் அடங்கவில்லை. கடைசியில் கோல்டிட்ஸ் கோட்டைச் சிறையில் போட்டார்கள். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்துதான் விடுதலை.

இன்னொன்று. அவருடைய அப்பா முதல் உலகப் போரில் காயம்பட்டவர், அந்தக் காயத்தின் பின்விளைவால் 1922இல் இறந்தார். இறந்த இடம் அதே செயிண்ட் ஓமர்.

மனம் வைத்தால் எதுவும் முடியும், முடியாது என்பவன் சோம்பேறி என்று என் நண்பன் பேடர் கட்டுரையைக் காட்டி வாதாடுகிறான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– கல்லூரி மாணவர், தாராவி

தம்பி, உன் நண்பனிடம் ஒரு கணக்குக் கேள். கால் போன அடுத்த வருஷமே, 1932இல், பேடர் அவ்ரோ 504 விமானத்தை ஓட்டிக் காட்டிவிட்டார். பறக்கத் தெரியும் என்று விமானப்படைக்கும் தெரியும். ஆனாலும் 1933இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்படி ஒரு ஆளை வைத்துக்கொள்ள விதிகளில் இடமில்லை என்பதுதான் காரணம். பிறகு பல வருஷம் எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் மேஜை வேலை. 1939இல் சேர்த்துக்கொண்டார்கள்.

1933இலும் 1939இலும் அதே மனம், அதே கால்கள். மாறியது எது? போர் வந்தது, விமானிகள் தேவைப்பட்டார்கள், அவரைத் தெரிந்தவர்கள் தேர்வுக் குழுவிலும் சோதனை விமானத்திலும் இருந்தார்கள். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தால் வெளியே நிற்பவனின் மனத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

பேடரே இந்த விஷயத்தில் தெளிவான ஆள். 1940இல் 242ஆம் ஸ்குவாட்ரனுக்குத் தலைவராக அனுப்பினார்கள். பெரும்பாலும் கனடாக்காரர்கள். பிரான்சில் அடிபட்டு, நொந்து போய், கட்டுக்குலைந்து கிடந்தவர்கள். காலில்லாத ஒருவனை அனுப்பியிருக்கிறார்களே என்று முறைத்துப் பார்த்தார்கள். இவர் ஒன்றும் பேசாமல் ஒரு ஹரிக்கேனில் ஏறி, அவர்கள் தலைக்கு மேலேயே குட்டிக்கரணம் போட்டுக் காட்டினார். இதுவரை எல்லோரும் எழுதுவார்கள். அடுத்ததை விட்டுவிடுவார்கள். அந்தப் பிரிவில் ஸ்பேனரும் உதிரி பாகமும் இல்லை. கேட்டால் ஃபைல் நகரவில்லை. விமானிகள் தயார், தளவாடம் தயாரில்லை, அது வரும்வரை என் பிரிவு போருக்குத் தயாரில்லை என்று மேலிடத்துக்குத் தந்தி அடித்துவிட்டார். பெரிய ரகளை. சாமான் வந்து சேர்ந்தது. மனவலிமைக்கு உதாரணமாகக் காட்டப்படுகிற மனிதரே ஸ்பேனர் இல்லாமல் வேலை நடக்காது என்று சொன்னவர்.

நண்பனை மாலை ஆறு மணிக்கு தாதர் ஸ்டேஷன் பாலத்துக்குக் கூட்டிப் போ. ஊன்றுகோலோடு ஏறுகிற ஒருவருக்குப் பின்னால் நிற்கச் சொல். சோம்பேறி யார் என்று அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இளவயதில் படித்த 'உண்மை மனிதனின் கதை' என்ற சோவியத் நாவலிலும் கால் இழந்த விமானி வருவாரே. அவர் நிஜ மனிதரா?
– வாசகர், டோம்பிவிலி

நிஜம். நாவலில் மெரேஸ்யெவ், வாழ்க்கையில் மரேஸ்யெவ். ஓர் எழுத்துதான் மாற்றம். அந்தக் காலத்தில் மலிவு விலையில் வந்த சோவியத் புத்தகங்களில் அதைப் படிக்காத தொழிற்சங்கத் தோழர் மாட்டுங்காவிலோ தாராவியிலோ இருந்திருக்க மாட்டார்.

அலெக்ஸேய் மரேஸ்யெவ் 1942 ஏப்ரலில் சுட்டு வீழ்த்தப்பட்டார். நொறுங்கிய பாதங்களோடு 18 நாட்கள் பனிக் காட்டில் ஊர்ந்தார். கால்கள் அழுகிவிட்டதால் இரண்டையும் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இரண்டுமே பிகே என்பதைக் கவனியுங்கள். அந்த ஒரு விஷயத்தில் பேடரைவிடக் கொடுத்து வைத்தவர். டாக்டர்கள் நம்ப வேண்டுமே என்று நடனம் கற்றுக்கொண்டார். 1943 ஜூனில் படைக்குத் திரும்பினார். அடுத்த மாதமே குர்ஸ்க் சண்டை. அந்த ஆகஸ்டில் சோவியத் யூனியனின் வீரர் பட்டம். மொத்தம் 11 எதிரி விமானங்கள், பெரும்பாலானவை கால் போன பிறகு. 2001 மே மாதம் வரை வாழ்ந்தார்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு பழைய கட்டுரையைக் காட்டுவார்கள், முதல் போரில் காலை இழந்தும் பறந்த ருஷ்ய விமானி பற்றி. நாவலில் அது திருப்புமுனை. அப்படிப் பறந்த ருஷ்யர் உண்மையாகவே உண்டு. அலெக்ஸாண்டர் செவர்ஸ்கி 1915இல் வலது காலை இழந்து மரக்காலோடு சண்டைக்குத் திரும்பியவர். புரட்சிக்குப் பிறகு அமெரிக்கா போய் விமானக் கம்பெனியே தொடங்கிவிட்டார்.

என் மகனுக்கு 24 வயது. லோக்கல் ரயிலிலிருந்து விழுந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஒரு முகாமில் செயற்கைக் கால் கொடுத்தார்கள், மூலையில் கிடக்கிறது. சொந்தக்காரர்கள் பேடர் மாதிரி ஆட்களின் வீடியோவாக அனுப்புகிறார்கள். அவன் போனையே அணைத்துவிட்டான். என்ன சொல்லி அவனைத் தேற்றுவது?
– ஒரு தாய், கல்யாண்

அம்மா, முதல் காரியமாக அந்த வீடியோக்களை நிறுத்தச் சொல்லுங்கள். காலில் புண்ணோடு உட்கார்ந்திருப்பவனுக்கு, ஒருத்தன் இரண்டு கால் இல்லாமல் சண்டைக்குப் போனான் என்று காட்டினால், உனக்கு என்ன கேடு என்று கேட்பதாகத்தான் படும்.

தேற்றுவதற்குப் பதிலாக ஒன்று கேளுங்கள்: போட்டால் எங்கே வலிக்கிறது? பெரும்பாலும் பையன்கள் வெட்கப்பட்டு இதைச் சொல்வதில்லை. கால் மூலையில் கிடந்தால் எல்லோரும் மனசைத்தான் சந்தேகிக்கிறார்கள். நான் முதலில் சாக்கெட்டை, அதாவது மிச்சமுள்ள காலை நுழைக்கிற கிண்ணத்தை, சந்தேகிப்பேன்.

ஆபரேஷன் முடிந்த முதல் மாதங்களில் ஸ்டம்ப், அதாவது வெட்டியது போக மிச்சமிருக்கும் கால், சுருங்கிக்கொண்டே வரும். அன்றைக்கு அளவெடுத்துச் செய்த சாக்கெட் சில மாதத்தில் தளர்ந்துவிடும். ஸ்டம்ப் உள்ளே இறங்கி, எலும்பு முனை அடியில் இடிக்கும், தோல் கிழியும். அது உங்கள் மகன் குற்றமல்ல, எல்லோருக்கும் நடப்பதுதான். தற்காலிகமாக ஸ்டம்ப் சாக்ஸ் ஒன்றுக்கு மேல் ஒன்று போட்டு இறுக்கலாம். அதற்கும் மேல் தளர்ந்தால் புது சாக்கெட்தான் வழி. முகாமில் அன்றே அளவெடுத்து அன்றே மாட்டி அனுப்புவார்கள். நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் மூன்றாம் மாதம் வலிக்கும்போது அந்த முகாம் வேறு ஊரில் இருக்கும். கால் என்பது ஒரு தடவை வாங்கி முடிக்கிற சாமான் இல்லை. திரும்பத் திரும்பப் போய்ச் சரிபார்க்க ஓர் இடம் வேண்டும்.

ஹாஜி அலியில் மத்திய அரசின் மறுவாழ்வு மருத்துவ நிலையம் 1955 முதல் இருக்கிறது. டாக்டர், பயிற்சி, கால் பட்டறை எல்லாம் ஒரே வளாகத்தில். பழைய காலையும் எடுத்துக்கொண்டு போங்கள். எங்கே அழுத்துகிறது என்று டெக்னீஷியன் பார்க்க வேண்டும். நாங்கள் லிப்ஸ்டிக் வைத்துப் பார்ப்போம்: வலிக்கிற இடத்தில் தடவி, சாக்கெட்டை மாட்டிக் கழற்றினால் உள்ளே எங்கே சிவப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே சூடாக்கி விரிக்கலாம், அல்லது அரத்தால் தேய்க்கலாம். சின்ன வேலைதான், ஆனால் மூலையில் கிடந்த எத்தனையோ கால்கள் அதற்கப்புறம் தெருவுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியவை: ராத்திரி ஸ்டம்பைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் தேங்காயெண்ணெய் தேய்க்க வருவார்கள். கால் மாட்டுவதற்கு முன் எண்ணெய் வேண்டவே வேண்டாம், தோல் ஊறிப் புண்ணாகும். மும்பை மழைக்காலத்தில் வியர்வை பெரிய எதிரி. பையில் மாற்று சாக்ஸ் இருக்கட்டும், மத்தியானம் கழற்றித் துடைத்து மாற்றட்டும். அடியில் சிவந்திருக்கிறதா என்று ஒரு சின்னக் கண்ணாடி வைத்துத் தினமும் பார்க்கட்டும்.

இல்லாத பாதம் அரிக்கிறது, இல்லாத விரல் எரிகிறது என்று சொன்னானா? சொல்லாவிட்டாலும் கேளுங்கள். பைத்தியம் என்பார்களோ என்று பயந்து மறைப்பார்கள். மூளை அந்தக் காலை இன்னும் மறக்கவில்லை என்பதால் வருகிற வலி அது. டாக்டரிடம் சொன்னால் மருந்தும் பயிற்சியும் உண்டு.

யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு உடனே விண்ணப்பியுங்கள். ரயிலில் தனிப் பெட்டி, அரசு வேலையில் 2016 சட்டப்படி 4 சதவீத ஒதுக்கீடு என்று எல்லாவற்றுக்கும் அது உதவும். விழுந்த ரயிலிலேயே திரும்ப ஏறச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டரில் தொடங்கட்டும். பேடரும் விமானத்துக்கு முன்னால் காரில்தான் தொடங்கினார், பெடல்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டு.

உங்கள் மகனுக்கு முழங்கால் இருக்கிறது அம்மா. அதை மட்டும் அவனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பேடர் நல்ல மனிதரா?
– வாசகர், சயான்

தைரியசாலி. நல்ல மனிதரா என்று கேட்டால் இழுக்கத்தான் வேண்டியிருக்கிறது. அதிகாரம் தூள் பறக்கும், தரைப் பணியாளர்களிடம் வாய் ரொம்ப நீளம். கோல்டிட்ஸில் ஒரு ஸ்காட்லாந்து மருத்துவ உதவியாளர் அவருக்குப் பணிவிடை செய்தார், முதுகில் சுமந்து மாடிப்படி ஏற்றி இறக்கினார். அந்தப் பையனை ஊருக்கு அனுப்ப வாய்ப்பு வந்தபோது, இவன் என் ஆள், போகக் கூடாது என்று பேடர் தடுத்துவிட்டார். அவன் இன்னும் ஏறக்குறைய இரண்டு வருஷம் சிறையில் கிடந்தான்.

பிரிட்டன் வான்போரில் நிறைய விமானங்களை ஒன்றாகத் திரட்டி மோத வேண்டும் என்று அவர் பிடித்த பிடிவாதம் சரியா என்பதும் இன்றுவரை சர்ச்சை. திரட்டி முடிப்பதற்குள் எதிரி குண்டு போட்டுவிட்டுப் போய்விடுவான் என்பது எதிர்த்தரப்பு. எனக்கு அந்தத் தரப்பில்தான் நியாயம் படுகிறது.

ஆனால் போருக்குப் பிறகு, கால் இழந்தவர்களை, முக்கியமாகக் குழந்தைகளை, தேடிப் போய்ப் பார்த்தார். கேமரா இல்லாத நாட்களிலும் போனார் என்கிறார்கள். 1976இல் கிடைத்த சர் பட்டம் அந்த வேலைக்குத்தான். இரண்டும் ஒரே மனிதர்தான்.

நம் நாட்டில் இப்படி யாரும் இல்லையா?
– வாசகி, மாட்டுங்கா

இருக்கிறார்கள். இந்திரலால் ராய் என்ற வங்காளப் பையனை முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் பிரிவு கண் பார்வை சரியில்லை என்று தள்ளியது. மோட்டார் சைக்கிளை விற்றுப் பெரிய டாக்டரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்கிச் சேர்ந்தார். 1918 ஜூலையில் இரண்டே வாரத்துக்குள் பத்து எதிரி விமானங்கள் அவர் கணக்கில். அதே மாதம் 22ஆம் தேதி இறந்தார், வயது 19.

நம்ம பம்பாயில் பிறந்த இயான் கார்டோசோ விமானி அல்ல, கூர்க்காப் படை மேஜர். 1971 போரில் கண்ணிவெடியில் சிதைந்த காலைக் குக்ரிக் கத்தியால் தானே வெட்டிக்கொண்டார். மிச்ச ஆபரேஷனைச் செய்தவர் கைதியாகப் பிடிபட்டிருந்த பாகிஸ்தான் ராணுவ சர்ஜன். பிறகு செயற்கைக் காலோடு பட்டாலியனுக்குத் தலைமை தாங்கினார், இந்திய ராணுவத்தில் அப்படிச் செய்த முதல் ஆள்.

எம்.பி. அனில்குமார் மிக் 21 ஓட்டிய விமானி. 1988இல் பைக் விபத்தில் கழுத்துக்குக் கீழே எல்லாம் செயலிழந்தது. மறுபடி பறக்கவில்லை. புனேக்குப் பக்கத்தில் கட்கி மறுவாழ்வு மையத்தில், வாயால் பேனாவைப் பிடித்து எழுதக் கற்று, 2014இல் இறக்கும்வரை எழுதினார். பறக்காததால் அவர் கதையை யாரும் வீடியோவாக அனுப்புவதில்லை.

அப்புறம் சுதா சந்திரன். மும்பையில் வளர்ந்த நம் பெண், 1981இல் திருச்சி பக்கம் பஸ் விபத்தில் வலது காலை இழந்து, ஜெய்ப்பூர் காலோடு பரதநாட்டியம் ஆடினார். அவருடைய காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1968 வாக்கில் டாக்டர் சேத்தியும் ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து செய்த ரப்பர் பாதம் அது. வெளிநாட்டுக் காலுக்கு ஷூ கட்டாயம், சம்மணம் போட முடியாது, குந்தி உட்கார முடியாது. இந்தக் கால் வெறுங்காலாகவே நடக்கும், வயலில் இறங்கும், தரையில் உட்காரும். என்னிடம் வந்த பூக்கடை அண்ணாச்சி ஒருவர், நடக்காவிட்டாலும் பரவாயில்லை, உட்கார்ந்து பூக் கட்ட வேண்டும், அதற்கு ஒரு கால் கொடு என்பார். சர்மா அதிகம் படித்தவர் அல்ல. பேடருக்கு டெசூட்டர் எப்படியோ, அண்ணாச்சிக்கு அவர் அப்படி.

பேடர் அங்கிள் மாதிரி கை இல்லாதவங்களும் பிளேன் ஓட்ட முடியுமா?
– ஐந்தாம் வகுப்பு மாணவி, வாஷி

ஓட்டுகிறார்கள் கண்ணு. அமெரிக்காவில் ஜெசிகா காக்ஸ் என்று ஒரு அக்கா, பிறக்கும்போதே இரண்டு கையும் கிடையாது. 2008இல் பைலட் லைசென்ஸ் வாங்கினார். அவர் ஓட்டுவது எர்கூப் என்ற பழைய குட்டி விமானம். அதில் ரடருக்குத் தனியாகப் பெடல் இல்லை, ஸ்டியரிங்கைத் திருப்பினாலே ரடரும் கூடத் திரும்பும். அதனால் ஒரு காலால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு காலால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறார். அந்த விமானத்தை அப்படி வடிவமைத்தது 1930களில், அவருக்காக இல்லை, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் சுலபமாக ஓட்ட வேண்டும் என்பதற்காக. படம் கிடைத்தால் அடுத்த இதழில் போடச் சொல்கிறேன்.